அக்கா வாயில் வந்த குணசீலம்

புரட்டாசி சனிக்கிழமை திருச்சிப் பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு வந்தோம். நாங்கள் துறையூர்க்காரர்கள். தாத்தா காலத்திலிருந்து பிரசன்ன வெங்கடாசலபதிதான் எங்களுக்குக் குலதெய்வம். முதல் மொட்டை, காது குத்து எல்லாம் அங்கேதான். இந்தத் தடவை போனது அக்காவோடு. காணாமல் போய், இனி இல்லை என்று ஊரே சொல்லிவிட்ட அக்காவோடு.

அக்காவுக்கு 34 வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். மனச்சிதைவு நோய் என்று டாக்டர் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. மாத்திரையும் மாசாமாசம் ஊசியும் ஒழுங்காகப் போனால் வீட்டு வரவு செலவை அவள்தான் பார்ப்பாள். அது நின்றால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்பாள், சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள் என்பாள். போன கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை அம்மா கோலம் போட எழுந்தபோது வாசல் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. செருப்பு இருந்தது, செல்போன் இருந்தது, அவள் இல்லை.

புகார் கொடுக்கப் போன இடத்தில், "மேஜர் பொண்ணுதானே, யார் கூடவாவது போயிருக்கும், ரெண்டு நாள் பாருங்க" என்றார்கள். டாக்டர் சீட்டை அப்பா எடுத்து நீட்டினார், வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வயதான மனுஷன், அந்தப் படியில் உட்கார்ந்து அழுததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். உறவுக்காரர் ஒருவர் மேலிடம் வரைக்கும் பேசிய பிறகுதான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். திருச்சி ஜங்ஷன் கேமராவில் அக்கா தெரிந்தாள். வெறுங்காலோடு, நைட்டிக்கு மேல் துப்பட்டா போர்த்திக்கொண்டு பாலக்காடு ரயிலில் ஏறுகிறாள். எங்கே இறங்கினாள் என்பது தெரியவில்லை.

அந்த ரயில் போகிற வழியெல்லாம் அப்பாவும் நானும் போஸ்டர் ஒட்டினோம். கரூர், ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர். "இடது புருவத்தில் தழும்பு, மனநலம் பாதிக்கப்பட்டவர், அதட்ட வேண்டாம்" என்று போட்டிருந்தோம். கடைசி இரண்டு வார்த்தை அம்மா சேர்க்கச் சொன்னது. அன்னதானம் இருக்கிற ஊருக்குத்தான் இப்படிப்பட்டவர்கள் வந்து சேருவார்கள் என்று யாரோ சொல்ல, பழநி அடிவாரம், சமயபுரம், திருவண்ணாமலை கிரிவலப் பாதை, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரை என்று தேடினோம். சாமி பார்க்கப் போகவில்லை, முகம் பார்க்கப் போனோம். சடை பிடித்த தலையோடு யார் படுத்திருந்தாலும் அம்மா குனிந்து பார்ப்பாள். இல்லை என்று தெரிந்ததும் சும்மா வர மாட்டாள், ஒரு இட்லிப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வருவாள். அப்பாவுக்கு வேறு பயம். 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் செத்தார்களே, அந்தச் செய்தி அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. "எங்க கட்டிப் போட்டிருக்காங்களோ" என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

நொந்துபோனவர்கள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளவென்றே சில பேர் இருக்கிறார்கள். ஒரு ஊரில் ஒருவன் வெற்றிலையில் மை போட்டுப் பார்த்து, பெண் வடக்கே இருக்கிறாள், தோஷம் கழித்தால் வந்துவிடுவாள் என்று அம்மாவின் மூக்குத்தியை வாங்கிக்கொண்டான். போஸ்டரில் இருந்த நம்பருக்குப் போன் செய்து, "உங்க பொண்ணு எங்ககிட்டதான் இருக்கு, பணம் அனுப்புங்க" என்றவர்களும் உண்டு. பெருமாள் பார்த்துக்கொள்வார்.

இவ்வளவுக்கும் நடுவில் சனிக்கிழமை தவறாமல் குணசீலம் போனாள் அம்மா. செங்கோல் பிடித்து நிற்கிறவர் முன்னால் நின்று ஒரே வேண்டுதல்: "அவளை உசுரோட கொடு. அவ முடியை உனக்கே இறக்கித் தர்றேன். உன் தீர்த்தத்துல கொண்டாந்து உட்கார வைக்கிறேன்."

ஆனி மாசம் கேரளாவிலிருந்து போன் வந்தது. ஆதரவற்ற பெண்களுக்கான ஒரு இல்லம். ரோட்டோரம் காய்ச்சலில் விழுந்து கிடந்தவளை ஒரு டீக்கடை அம்மாள்தான் பார்த்து, கஞ்சி கொடுத்து, ஆள் அனுப்பிப் போலீஸைக் கூட்டி வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி, அப்புறம் இல்லம். பேர் கேட்டால் அக்கா சொல்லவில்லையாம். ஊர் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாளாம். மாத்திரை கொடுக்க ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு "குணசீலம்" என்றாளாம். வேறொன்றும் இல்லை, அந்த ஒரே வார்த்தை. அங்கே தமிழ் தெரிந்த ஒரு நர்ஸம்மா அது ஊர்ப்பேர்தான் என்று பிடித்து, இந்தப் பக்கத்துப் போலீஸுக்குப் போட்டோ அனுப்பி, எஃப்.ஐ.ஆரோடு ஒத்துப் பார்த்து... இதில் எது மனுஷர் செய்தது, எது அவன் செய்தது என்று பிரிக்க என்னால் ஆகாது. பேர் மறந்தது, ஊர் மறந்தது, பெற்றவள் பேரும் வாயில் வரவில்லை. அவன் ஊர் வந்ததே! பெருமாளே, பெருமாளே.

கூட்டிவரப் போனபோது எங்களைப் பார்த்து அவள் ஓடி வரவில்லை. அம்மாவின் மூக்கையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூக்குத்தி எங்க?" என்று கேட்டாள். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவின் தலையில் பேனும் புண்ணுமாக இருந்ததால் ஆஸ்பத்திரியிலேயே மொட்டை அடித்துவிட்டார்களாம். இறக்குவதற்கு முடி ஏது? "அவளுக்குப் பதிலா நான் தர்றேன்" என்றாள் அம்மா. அறுபது தாண்டியும் இடுப்பு வரைக்கும் தொங்குகிற முடி அவளுக்கு. கத்தி வைக்கும்போது அக்கா பக்கத்திலேயே நின்று, விழுந்த முடியைக் குனிந்து சேர்த்துச் சேர்த்து ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்தை என்ன சொல்ல. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸில் ஏறவே முடியவில்லை, டோல்கேட் வரைக்கும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வந்தோம். வரிசையில் ஒரே தள்ளுமுள்ளு. கூட்டத்துக்குப் பயந்து அக்கா என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

உச்சிக்காலத் தீர்த்தத்துக்கு உட்கார வைத்தார்கள். மனசு தெளிய வேண்டி ஒரு மண்டலம் விரதமாகத் தங்கியிருப்பவர்கள் வரிசையாக இருந்தார்கள், அவர்களோடு அக்காவும். யாரும் தன்மேல் கை வைத்தால் அவளுக்கு ஆகாது, சீறிவிடுவாள். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பட்டர் ஒவ்வொருவராகத் தெளித்துக்கொண்டு வந்தார். மெல்லத் தெளிக்கவில்லை, முகத்தில் பளீரென்று அறைகிற மாதிரி விழுந்தது தண்ணீர். பக்கத்திலிருந்த பையன் வீறிட்டான். அக்காவின் முறை வந்தது. விழுந்தது. கண் இமையிலும் தழும்பிலும் தண்ணீர் சொட்ட, துடைக்காமல் அப்படியே இருந்தாள். இன்னொரு தடவை விழுந்தது. வாயைத் திறந்து நாக்கில் பட்ட துளியை விழுங்கினாள். பிறகு சந்நிதிப் பக்கம் பார்த்துக் கையைக் கூப்பினாள். யாரும் கூப்பச் சொல்லவில்லை. காணாமல் போவதற்கு முன்னாலேகூட அவள் சாமி கும்பிட்டு நாங்கள் பார்த்து வெகு காலம். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அர்ச்சனைத் தட்டை யார் கையில் கொடுத்தேன் என்பதும் தெரியாது.

அந்த நேரத்திலும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு செல்போனில் படம் எடுத்தார்கள். தண்ணீர் பட்டதும் அலறுகிற முகத்தைப் படம் எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்? அது ஒரு வீட்டுப் பெண், ஒரு வீட்டுப் பிள்ளை. கைகூப்ப வந்த இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

மாத்திரை நிற்கவில்லை, நிற்கவும் விட மாட்டோம். இங்கே கோயிலைச் சேர்ந்தே மனநல மறுவாழ்வு மையம் நடக்கிறது, தீர்த்தமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. தெருவில் மனநலம் கெட்டுத் திரிகிறவர்களைப் பாதுகாத்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், வீடு தெரியாதவர்களின் குடும்பத்தைத் தேடுவதும் போலீஸின் கடமை என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறதாம். இல்லத்து நர்ஸம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். புகார் கொடுக்கப் போன அன்றைக்குத் தெரிந்திருந்தால் அப்பா அந்தப் படியில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

திரும்பும்போது மண்டபத்தில் சிவகங்கைப் பக்கத்து அம்மா ஒருத்தி, அக்காவையே வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். அவள் மகன் போய் இரண்டு வருஷமாம். பர்ஸில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, முனை எல்லாம் தேய்ந்து போயிருந்தது. இல்லத்து நம்பரையும் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். போட்டோவை என் போனில் படம் பிடித்து, கேரளத்து நர்ஸம்மாவுக்கு அங்கிருந்தே அனுப்பினேன். அக்கா தன் கையில் இருந்த துளசியை அந்த அம்மாவிடம் நீட்டினாள். பையனுடைய பேரும் நட்சத்திரமும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம், அவனும் அக்காவைப் போலத் திருவோணம்தான். இனி எங்கள் வீட்டு அர்ச்சனையில் அவன் பேரும் உண்டு. குணசீலத்தானே, அந்தப் பிள்ளை வாயிலும் ஒரு ஊர்ப்பேரை வரவழை.