தேத்தண்ணியில் இருக்கும் 'தே'

'தேத்தண்ணி' என்றால் தோட்டத்துப் பேச்சு, 'டீ' என்றால் படித்த பேச்சு. மலையகத்து வகுப்பறைகளில் வளர்ந்த நமக்கு இந்தத் தரம்பிரிப்பு நன்றாகவே பழக்கம். உண்மையில் மூல ஒலிக்குக் கிட்ட நிற்பது லயத்துச் சொல்லான 'தேத்தண்ணி'தான்.

சீனத்தில் இந்தச் சொல்லுக்கு எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. கன்டனில் 'சா', அமோய்த் துறைமுகப் பக்கம் 'தே'. சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் தங்கிய போர்த்துக்கேயர் முதலாவதை எடுத்துக்கொண்டார்கள். ஒல்லாந்தர் கப்பலில் ஏறியது இரண்டாவது. அவர்களிடமிருந்து அதை வாங்கிய ஆங்கிலேயரும் முதலில் 'டே' என்றே சொன்னார்கள். 1714இல்கூட ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் அதை 'ஒபே' என்ற சொல்லோடு எதுகையாக்கியிருக்கிறார். பிறகு அந்த 'ஏ' ஒலி 'ஈ' ஆயிற்று. 'சீ', 'மீட்' எல்லாம் அப்படி மாறியவைதான். அதே எழுத்துக்கூட்டு உள்ள 'கிரேட்', 'பிரேக்' போன்ற சில மட்டும் மாறாமல் நின்றுவிட்டன. எழுத்துக்கூட்டல் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். மண்டையில் குட்டிப் பயனில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது துரைமார் வாயில் அது 'டீ' ஆகிவிட்டிருந்தது. ஆகவே நம் 'தே' அவர்கள் கொடுத்ததாக இருக்க முடியாது. சிங்களத்திலும் 'தே'தான். 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்டவர்கள் ஒல்லாந்தர் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ரோலரில் போட்டுத் தேய்ப்பதால் 'தேயிலை' என்று விளக்குவது கேட்க அழகுதான், ஆனால் பிழை. 'தேய்'தான் அடி என்றால் 'தேய்நீர்' என்றல்லவா வரவேண்டும்? 'தேநீர்' என்கிறோம், 'தேத்தண்ணி' என்கிறோம். இரண்டிலும் 'ய்' இல்லை. 'தேயிலை'யில் வருவது வெறும் உடம்படுமெய். ஏகாரத்துக்குப் பின் யகரமும் வரும், வகரமும் வரும் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. 'சேயடி', 'சேவடி' என்று படித்தோமே, அதே விதி.

இஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், அந்நாளில் பெட்டிமேல் எழுதிய 'பெக்கோ' என்ற தரப் பெயரும் அமோய்ச் சொல்தான். பொருள் வெள்ளைப் பூமயிர். விரியாத கொழுந்து முனையை வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளி மயிராகத் தெரியும். மொட்டை நசுக்காமல் கிள்ளினால் விரலில் ஒட்டும். அந்தப் பூமயிரைத்தான் சீனன் பெயராக வைத்தான்.