மூன்று சொல்லும் 42 நாளும்

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் என் அண்ணன் சொல்லி எழுதப்பட்டது மூன்றே சொல்: "வண்டியிலிருந்து கீழே விழுந்தார்." பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று சொல்லோடு நான் நான்கு மாதம் மல்லுக்கு நின்றேன். தபால் பை சுமந்து தெருத்தெருவாகப் போகிற யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த கரையில் தபால் பட்டுவாடா செய்கிறேன். கிராமிய அஞ்சல் ஊழியராகப் பல ஆண்டு இருந்து, தேர்வு எழுதி, ஏழு ஆண்டுக்கு முன் இலாகா தபால்காரர், அதாவது முறையான மத்திய அரசு ஊழியர் ஆனேன். எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து தார்ச்சாலையில் குவித்துவிட்டுப் போகும். நேற்று இல்லாத மணல்திட்டு இன்று வளைவில் கிடக்கும். சென்ற ஆண்டு அப்படி ஒரு நாள், காலை பதினொன்றரை மணி இருக்கும். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. அது பாய்ந்து வந்ததும் வண்டியை ஒடித்தேன். சக்கரம் மணலில் சறுக்கியது. இடது மணிக்கட்டு என் உடலுக்கு அடியில் போனது. எழுவதற்குள் வலது கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது. தலைக்கவசம் போட்டிருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை.

எதிர்வீட்டு லாத்தா ஓடி வந்தார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். அவருக்கு எழுபது வயது இருக்கும். "காலை நீட்டு மகளே, பேசாமல் இரு" என்று அடிகுழாய்க்குக் கீழே என் காலைப் பிடித்து இழுத்து வைத்தார். பேரனைத் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டு, துணிக்குப் போடும் சோப்புக்கட்டியை எடுத்து, கால் மணி நேரம் விடாமல் கழுவினார். நுரை சிவப்பாகப் போய், பிறகு வெள்ளையாகப் போனது. மஞ்சள் வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு அவர் காதே கொடுக்கவில்லை. மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "சோப்புப் போட்டுக் கழுவினீர்களா?" என்பதுதான்.

இதற்கிடையில் என் பை. சாதாரணத் தபால் காற்றில் பறந்து சீமைக்கருவேல முள்ளில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. பேரன் ஒவ்வொன்றாக எடுத்து வந்தான். பதிவுத் தபால் ஒன்பதையும் கையிலிருந்த பணத்தையும் எண்ணி, கிளை அஞ்சலகத்திலிருந்து வந்த தம்பியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினேன். வலியில் கண் இருட்டினாலும் அந்தக் கணக்கு மட்டும் மறக்கவில்லை. போஸ்ட் மாஸ்டருக்கு அங்கிருந்தே தொலைபேசியில் சொன்னேன். அந்த இரண்டும்தான் பிறகு என்னைக் காப்பாற்றின.

அரசு மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தேன். பல் ஆழமாகப் பதிந்து இரத்தம் வந்திருந்ததால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தையும் கடிவாயைச் சுற்றியே ஊசியால் இறக்கினார்கள். அந்த வலி எலும்பு முறிந்த வலியை விடப் பெரிது. தடுப்பூசி கடிபட்ட அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தவணை. எல்லாம் இலவசம். மாவுக்கட்டு ஆறு வாரம். அண்ணன் வாசலில் பதற்றத்தோடு பதில் சொன்னதால் பதிவேட்டில் நாயும் இல்லை, வேலையும் இல்லை; வண்டி மட்டும்தான் இருந்தது.

நான் செய்த தவறு அடுத்தது. கட்டுப்போட்ட கையோடு, கொண்டுவந்து நீட்டிய விண்ணப்பத்தில், வழக்கமான மருத்துவ விடுப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். முழுச் சம்பளம் வேண்டுமானால் அது அரைச் சம்பள விடுப்பிலிருந்து ஒரு நாளுக்கு இரண்டு நாளாகக் கழியும். 42 நாளுக்கு 84. ஆண்டுக்கு 20 நாள் வீதம் ஆறு ஆண்டில் நான் சேர்த்தது மொத்தம் 120. வேலையில் கடிபட்டதற்கு என் சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகும் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

உறைக்க வைத்தவர் சங்கத்தின் கோட்டச் செயலாளர். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர், கையைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைக் கேட்டார். "தோழர், இது நோய் இல்லை. வேலை கொடுத்த காயம். இதற்குத் தனி விடுப்பு இருக்கிறது" என்றார். மத்திய அரசு ஊழியர் விடுப்பு விதிகள் 1972இல் 44ஆம் விதி. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, முன்பிருந்த மருத்துவமனை விடுப்பு, தனி ஊன விடுப்பு போன்றவற்றை ஒன்றாக்கி, பணிசார் நோய் மற்றும் காய விடுப்பு என்று வைத்தார்கள். மருத்துவமனையில் இருக்கும் காலம் முழுவதும் முழுச் சம்பளமும் படிகளும். அதன்பின் ஆறு மாதம் வரை முழுச் சம்பளம். அதற்கும் மேல் போனால் 12 மாதம் வரை அரைச் சம்பளம். நம் கணக்கில் உள்ள விடுப்பைத் தொட வேண்டியதில்லை. ஏற்கெனவே எடுத்த விடுப்பை வேறு வகையாக மாற்றக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் விடுப்பு முடிந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இந்த 30 நாள் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது.

கொடுத்தேன். மூன்றாவது வாரம் கோப்பு திரும்பி வந்தது: பணியின்போது நேர்ந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை, பதிவேட்டு நகலில் அப்படி ஒன்றும் இல்லை. மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி என்று சொல்கிற அந்தத் தாளை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். பதிவேட்டில் எழுதியதை அடித்துத் திருத்த முடியாது. அழுகை வந்தது. செயலாளர், "அந்தத் தாள் சொல்லாததை மற்றத் தாள்கள் சொல்லட்டும்" என்றார்.

அப்படியே தேடினோம். தடுப்பூசி அட்டையில் முதல் ஊசியின் தேதி அதே நாள். ஆக நாய் உண்மை. பட்டுவாடாச் செயலியில் நான் கடைசியாகக் கையெழுத்து வாங்கிய பதிவுத் தபால் 11.26, லாத்தா வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி. ஆக வேலை உண்மை. கிளை அஞ்சலகத் தம்பி ஒன்பது பதிவுத் தபாலுக்குப் போட்ட கையெழுத்தில் நேரமும் இடமும் இருந்தன. என் தொலைபேசி வந்ததைப் போஸ்ட் மாஸ்டர் அன்றே எழுதி வைத்திருந்தார். அதைத் தயங்காமல் நகலெடுத்துக் கொடுத்தார். கடைசியாக லாத்தா. பேரன் எழுத, அவர் பெருவிரல் வைத்தார். "நான் கழுவினேன், நான் சொல்லாமல் யார் சொல்வது?" என்று கேட்டுக்கொண்டே மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

கார்த்திகை மழையில் உத்தரவு வந்தது. 42 நாளும் பணிசார் விடுப்பு. 84 நாள் என் கணக்குக்குத் திரும்பியது.

சீருடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கடி விழுந்த இடம் மூடியிருக்க வேண்டிய இடம். முன்பு துணி, தையல்கூலி, சலவைப்படி என்று பிரிந்து கிடந்ததை 2017 ஜூலையிலிருந்து ஒரே உடைப்படியாக்கினார்கள். ஆண்டுக்கு 5,000 ரூபாய், ஜூலைச் சம்பளத்தோடு. அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டபின் அது 6,250 ஆனது. ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்கிறவருக்கும் அடுத்த ஜூன் வரையுள்ள மாதங்களுக்குக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் உத்தரவு வந்திருக்கிறது. புதியவர்கள் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் செலவோடு கலந்துவிடும். காலணிக்குள் மணல் புகுந்து வெந்துபோகும் என்பதால் நான் செருப்பில்தான் நடந்தேன். இந்த ஜூலையில் முதல் வேலையாகக் கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் காலணியும் கனத்த துணியில் இரண்டு காற்சட்டையும் வாங்கினேன். உப்புக்காற்றில் தையல் விடும். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன்.

கை கூடிய பிறகு கூடாமல் இருந்தது மனம். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், எங்கோ ஒரு குரைப்புக் கேட்டாலும் கையிலிருக்கும் கடிதம் நடுங்கும். இரண்டு தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தது. சங்கத்தில் ஓர் அக்கா 14416 எண்ணைக் கொடுத்தார். 2022இல் தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் தொடங்கிய மனநல உதவி எண் அது. காசில்லை, தமிழில் பேசலாம். அந்த எண்ணில் பேசிய பெண் என்னைத் தேற்றவில்லை. எந்தத் தெரு, எந்த நேரம், உடம்பில் முதலில் எங்கே தெரிகிறது என்று கேட்டார். முதல் நாள் துணையோடு தெருமுனை வரை, அடுத்து வள்ளம் கிடந்த இடம் வரை என்று பிரித்துக் கொடுத்தார். பேரன் துணைக்கு வந்தான். மூன்றாம் நாள் அந்த இடத்தில் நின்றேன். வள்ளம் கடலுக்குப் போயிருந்தது. மணலில் அதன் அடிப்பலகைத் தடம் மட்டும் இருந்தது.

சங்கமும் அதிகாரிகளும் உட்காரும் இருமாதக் கூட்டத்தில் செயலாளர் இதை வைத்துப் பேசியதில் முதலுதவிப் பெட்டி வந்தது. அதற்குள் ஒரு சோப்புக்கட்டி வைக்கச் சொன்னது நான். எந்தத் தெருவில், எந்த வாசலில் நாய் என்று ஒரு நோட்டும் போட்டிருக்கிறோம். பதிலுக்கு வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பை எடுக்கிறார்.

சென்ற மாதம் கிளை அஞ்சலகத் தம்பியையும் நாய் கடித்தது. மருத்துவமனை வாசலிலிருந்து கூப்பிட்டார். "பதிவேட்டில் எழுதும்போது நீயே பேசு. தபால் கொடுக்கப் போன இடத்தில் நாய் கடித்தது என்று சொல். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்" என்றேன். அப்படியே எழுதி வாங்கிவிட்டார். ஆனால் அவர் கிராமிய அஞ்சல் ஊழியர். அவருக்குத் தனி விதிகள், இந்த 44ஆம் விதி அவருக்குப் பொருந்தாது. அதே வெயில், அதே மணல், அதே நாய். நானும் அந்த வேலையிலிருந்து வந்தவள்தான். அவர் தாளின் நகல் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.