கையைத் தூக்கும் முன்

மார்ச் 8, சனி

இன்று என் கைகளால் ஓர் ஓட்டம் வீணானது. சிங்கப்பூர் காலாங்கில் சாஃப்ட்பால் பயிற்சி ஆட்டம். அடிப்பவளுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்ச்சருக்குப் பின்னால் நடுவராக நின்றேன். பிட்ச்சர் பந்தை விட்டதும் முதல் பேஸில் (ஓடித் தொட வேண்டிய இடத்தில்) இருந்தவள் இரண்டாவதை நோக்கிப் பறந்தாள். பந்து மட்டையின் விளிம்பில் உரசி, நேராகக் கேட்ச்சரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. 'டிக்' சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி "ஃபவுல்!" என்று கத்திவிட்டேன்.

அது ஃபவுல் டிப். அடித்தவள் கணக்கில் வெறும் ஒரு ஸ்ட்ரைக்தான் (தவறவிட்ட பந்து), பந்துக்கு உயிர் இருக்கிறது, ஓடலாம். பிடிபடாமல் கீழே விழுந்தால்தான் ஃபவுல், செத்த பந்து. நான் கத்தியதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். முட்டி நிறைய மண்ணோடு எழுந்தவளை முதல் பேஸுக்கே திருப்பி அனுப்பினேன். அவள் முறைத்தாள். என் மகள்தான்.

மார்ச் 9, ஞாயிறு

பல வருடம் நடுவராக இருந்த அக்காவுக்குப் போன் செய்தேன். "தம்பி, காதை நம்பிக் கையத் தூக்காதே. பந்து எங்க போய் நிக்குதுன்னு பாத்துட்டுத் தூக்கு." பிட்ச்சர் நிற்பதே 43 அடி தூரத்தில், பார்க்க நேரம் எங்கே!

கண்ணாடி முன் பழகினேன். பிட்ச்சர் விதி மீறி வீசினாலோ, பந்து கையில் இல்லாத ஃபீல்டர் ஓடுகிறவளை மறித்தாலோ இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். ஆட்டம் நிற்காது, ஓடி முடிந்தபிறகுதான் தீர்ப்பு.

"பஸ்ஸ நிறுத்துறீங்களாப்பா?" என்றாள் மகள். அப்பாடா, பேசிவிட்டாள்.

மார்ச் 15, சனி

மின்னல் எச்சரிக்கையால் தாமதம். அப்புறம் முதல் இன்னிங்ஸிலேயே வம்பு. யாரும் அவுட் இல்லை, முதல் இரண்டு பேஸிலும் ஆள், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் தலைக்கு மேல் லட்டு மாதிரி ஒரு பந்து. ஒரு கையை முஷ்டியோடு உயர்த்தி, "இன்ஃபீல்ட் ஃப்ளை, பேட்டர் அவுட்" என்றேன். ஷார்ட்ஸ்டாப் பந்தை நழுவவிட, இரண்டாம் பேஸில் இருந்தவள் மூன்றாவதுக்கு ஓடிச் சேர்ந்தாள்.

"அதான் அவுட் சொல்லியாச்சே, எப்படி ஓடலாம்?" என்று ஓர் அப்பா வேலியோரம் குதித்தார். அவுட் ஆனது அடித்தவள் மட்டும்; பந்து சாகவில்லை. பிடித்தாலும் விட்டாலும் அடித்தவள் அவுட் என்ற இந்த விதி இல்லாவிட்டால் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு இரண்டு பேரை அவுட்டாக்கிவிடலாம். அவர் சமாதானமாகவில்லை.

கடைசி இன்னிங்ஸில் மறுபடி அதே 'டிக்'. கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. கேட்ச்சர் திரும்பிப் பார்த்து, காலடியில் கிடந்த பந்தைக் காட்டினாள்.

"அங்கிள், ஃபவுல்."