பாரத்தில் ஒரு கட்டம்

மகளின் பள்ளிப் பதிவுப் பாரத்தில் சமயம் என்ற கட்டத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன். முகப்பில் இருந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே நீலப் பேனாவால் ‘இந்து’ என்று எழுதிவிட்டு அடுத்தவரை அழைத்தார். அதை அடித்துவிடும்படி கேட்டேன். “காலியாக விட்டால் நாளைக்குப் பிள்ளைக்குத்தான் சிரமம், ஐயா” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு சமய உரிமையைப் பேசுகிறது. 1970 ஆகஸ்டு 31இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா எனும் தேசியக் கொள்கையின் முதல் கோட்பாடோ இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். பள்ளிச் சபைகூடலில் வலக்கையை உயர்த்தி என் மகள் அதைச் சொல்லப்போகிறாள். கடவுள் இல்லை என்று சொல்லும் அவள் தகப்பன் இந்நாட்டை நேசிக்காதவனா?

நம்மவர்களிடமும் இதே கேள்விதான். 1929 இறுதியில் மலாயா வந்த பெரியார் முதலில் கப்பலிறங்கியது இந்தப் பினாங்கில்தான். அதே ஊரில், தைப்பூச ரதம் போன வழியெங்கும் தேங்காய்த் தண்ணீரில் செருப்பு வழுக்க, துப்புரவுத் தொழிலாளர்கள் சில்லுகளை மண்வாரியால் அள்ளிக் கொட்டுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன் (வேண்டுதல் வைத்தவர் எவரும் அங்கே குனிந்து நான் கண்டதில்லை). தின்னும் பொருளை ஏன் இப்படித் தெருவில் உடைக்கிறீர்கள் என்று கேட்டால், நான் தமிழனே இல்லை என்கிறார்கள்.

புதிய பாரம் வாங்கி எழுதிக் கொடுத்தேன். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.