தராசுக்குச் சிக்காத தூசு

புதிதாக எந்த வேதிப்பொருளை வாங்கினாலும் அதன் பாதுகாப்புத் தகவல் தாள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். 16 பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் நான் நேராகப் புரட்டுவது எட்டாவது பகுதியை. காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற வரம்பு அங்கேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கார்பன் குழல்களான கார்பன் நானோகுழாய்கள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரத் தொடங்கியபோது, ஒரு விற்பனையாளர் அனுப்பிய தாளில் அந்த இடத்தில் கிராஃபைட்டுக்கான வரம்பு போட்டிருந்தது: ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம். இரண்டும் கார்பன்தானே என்ற கணக்கு. 2013-இல் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் நானோகுழாய்களுக்கும் நானோஇழைகளுக்கும் பரிந்துரைத்த அளவு 1 மைக்ரோகிராம். தாளில் இருந்தது அதைப் போல 5,000 மடங்கு. அந்தத் தாளைப் பார்த்து வேலை செய்கிறவர் மீது யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய நுரையீரலுக்கு அதில் எந்தக் காப்பும் இல்லை.

அந்த 1 மைக்ரோகிராம் எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2010-இல் வெளியிட்ட வரைவில் நியோஷ் 7 மைக்ரோகிராம் என்றுதான் சொல்லியிருந்தது. அளக்கும் முறை மேம்பட்டு இன்னும் குறைந்த அளவையும் நம்பகமாகக் கண்டறிய முடியும் என்றானதும் எண் 1-க்கு இறங்கியது. இதற்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. கருவியால் எட்ட முடிந்த எல்லை அது, அவ்வளவுதான். இதை நான் பயிற்சி வகுப்புகளில் விடாமல் சொல்வேன். வரம்புக்குக் கீழே இருக்கிறோம் என்றால் நிம்மதியாக இருக்கலாம் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் ஊறிப்போனது. நானோபொருட்களைப் பொறுத்தவரை அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

எடையை வைத்து அளப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துகளின் எடைக்கு ஈடாக, அதன் விட்டத்தில் நூறில் ஒரு பங்கான 10 நானோமீட்டர் துகள்கள் 10 லட்சம் வேண்டும். எடை அதேதான், ஆனால் மொத்த மேற்பரப்பு 100 மடங்கு. நுரையீரலின் திசுவோடு உரசி வினைபுரிவது அந்த மேற்பரப்பு. அதனால்தான் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு நியோஷ் 2011-இலேயே இரண்டு அளவுகளைப் பரிந்துரைத்தது: சாதாரண நுண்தூளுக்கு 2.4 மில்லிகிராம், நானோ அளவிலான மீநுண் தூளுக்கு 0.3 மில்லிகிராம். ஒரே வேதிப்பொருள், வேதிப்பொருள் பட்டியலில் அதற்குள்ள பதிவு எண்ணும் ஒன்றே, ஆனாலும் எட்டு மடங்கு வேறுபாடு.

சரி, எண்ணிக்கையை அளந்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் கருவி இருக்கிறது. துகள்களின் மேல் ஆல்கஹால் ஆவியைப் படியவைத்துப் பெரிதாக்கி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக எண்ணும். முதல்முறை அதை ஆய்வுக்கூடத்தில் வைத்தபோது, யாரும் எதையும் தொடாமலேயே ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் காட்டியது. வெளியே ஓடும் வண்டிகளின் புகை, பக்கத்து அறையில் நடக்கும் சால்டரிங், வெற்றிடப் பம்பின் மோட்டார் எல்லாமே நானோ அளவில் துகள்களைக் கக்குகின்றன. நாம் வாங்கிய தூள் எது, ஊரிலிருந்து வந்த புகை எது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதனால் வேலை தொடங்கும் முன், நடக்கும்போது, முடிந்த பின் என மூன்று நிலைகளிலும் எண்ண வேண்டும். அப்புறம் வடிகட்டியில் பிடித்த தூசியை மின்னணு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தால்தான் ஓரளவு தெளிவு வரும். சிறிய கூடங்களுக்கு இதற்கான வசதி இருப்பதில்லை என்பதால், அளப்பதைவிடத் தடுப்பதில் காசைப் போடுங்கள் என்பதே நான் சொல்வது.

தடுக்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை. எடை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கிப் பெட்டிக்குள் தராசை வைத்தால் காற்றோட்டத்தில் எண் நிலைக்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். உடனே விசிறியை நிறுத்துவார்கள், அல்லது தராசை வெளியே இழுப்பார்கள். பெட்டிக்குள்ளேயே எடை போட்டாலும், காற்றின் வேகம் அதிகமானால் கதவருகே சுழல் உண்டாகித் தூளை ஆள் பக்கமே தள்ளும். இந்தத் தூளுக்குக் கனமே கிடையாது. கரண்டியில் அள்ளும்போது நிலைமின்னூட்டத்தால் தானாகத் துள்ளி கையுறையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் கூடத்தில் ஒரு மாணவி கண்டுபிடித்த வழி இப்போது நடைமுறையாகிவிட்டது: மூடிபோட்ட குப்பியை வெளியே எடை பார்த்துக்கொள், பெட்டிக்குள் வைத்துத் தூளைப் போட்டு மூடு, மறுபடி வெளியே கொண்டுவந்து எடை பார். இன்னும் நல்ல வழி, தூளாக வாங்காமல் திரவத்தில் கலந்த வடிவில் வாங்குவது. அதையும் கலக்குவதற்காக ஒலியதிர்வுக் கருவியில் திறந்து வைத்தால் நீர்த்துளிகளோடு துகள்களும் எழும்பும், எனவே மூடி வேண்டும்.

முகக்கவசம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நானோதுகள் அவ்வளவு சிறியது, வடிகட்டியின் துளை வழியே போய்விடும், எனவே மாட்டி என்ன பயன் என்பார்கள். வடிகட்டி சல்லடை இல்லை. மிகச் சிறிய துகள்கள் காற்று மூலக்கூறுகள் மோதுவதால் அங்குமிங்கும் அலைந்து இழைகளில் முட்டி ஒட்டிக்கொள்கின்றன. வடிகட்டிக்குச் சிரமமானது இடைப்பட்ட ஓர் அளவுதான், அதைவிடச் சிறியவை எளிதில் பிடிபடும். கசிவு நடப்பது முகத்தின் ஓரத்தில்தான். தாடி வைத்தவருக்கு விலை உயர்ந்த கவசம் கொடுத்தும் பயனில்லை என்பதை முகப்பொருத்தச் சோதனை செய்து காட்டினால் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் இவையெல்லாம் ஆய்வாளருக்கு. என்னை அதிகம் உறுத்துவது அவர் வீட்டுக்குப் போன பிறகு அந்த அறைக்குள் வருகிறவர். வினைக்கலன் மூடியிருக்கும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் வராது. அதைத் திறந்து சுரண்டும்போதும், வடிகட்டியைக் கழற்றும்போதும், பையைக் கட்டும்போதும், தரையைப் பெருக்கும்போதும்தான் தூசு எழும்புகிறது. இந்த வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பயிற்சிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்காது. முன்பு நான் பணிபுரிந்த ஓர் ஆலையில், பராமரிப்பு ஊழியர் ஒருவர் அழுத்தக்காற்றுக் குழாயால் இயந்திரத்தை ஊதிச் சுத்தம் செய்வதைப் பார்த்தேன். முகத்தில் ஒரு துணி மட்டும் கட்டியிருந்தார். இதில் என்ன தூள் இருக்கிறது தெரியுமா அண்ணா என்று கேட்டேன். "கரித்தூள்தான் சார், துடைச்சா போயிடும்" என்றார். அவருக்கு யாரும் அதற்கு மேல் சொன்னதில்லை. ஊதியபின் மணிக்கணக்கில் அந்தத் தூசு காற்றில் மிதக்கும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை இரட்டைப் பையில் போட்டுக் கட்டியிருந்தால் ஆபத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிந்திருக்கும். மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசு உறிஞ்சி இருந்தால் நல்லது, ஆனால் அதைக் காலி செய்வதும் அதே ஊழியர்தான். அவருக்கும் கவசம் வேண்டும், எதற்காக என்ற விளக்கமும் வேண்டும்.

நானோகுழாய் என்றாலே எல்லாம் ஒன்றல்ல. 2008-இல் எலிகளில் நடந்த சோதனையில், நீளமாக நேராக இருந்த பல சுவர் குழாய்கள் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழல்கள் கொண்டவை) உடற்குழியின் உட்படலத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழைகளைப் போன்ற அழற்சியை உண்டாக்கின. சுருண்டு சிக்கலாகக் கிடந்தவை அப்படிச் செய்யவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் 2014-இல் ஒரு குறிப்பிட்ட பல சுவர் குழாய் வகையை மட்டும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. மற்றவற்றைப் பற்றி முடிவு செய்யப் போதிய சான்று இல்லை என்றது. ஆகவே வாங்கும்போதே விட்டம், நீளம், வடிவம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் நான் வாங்க விடுவதில்லை.

சட்டமும் நகர்ந்துதான் இருக்கிறது. பிரான்ஸ் 2013 முதல், ஆண்டுக்கு 100 கிராம் தயாரித்தாலோ இறக்குமதி செய்தாலோ விநியோகித்தாலோ அரசுக்கு அறிவிக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் என்ற வேதிப்பொருள் சட்டம் 2020 முதல் நானோவடிவங்களுக்குத் தனித் தகவல் கேட்கிறது. ஆனால் அதன் பதிவுக் கடமை தொடங்குவது ஆண்டுக்கு ஒரு டன்னில். கிராம் கணக்கில் வேலை செய்யும் கூடங்கள் பலவும் அதற்கு வெளியே நிற்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இங்கே உதவும்: சான்று முழுமையாகும்வரை காத்திருக்காமல், மூச்சில் போவதை முடிந்தவரை குறை என்பதே அதன் அடிப்படை.

இப்போது நான் விடாப்பிடியாகக் கேட்பது ஒரு பதிவேடு. யார், எந்தத் தூளோடு, எவ்வளவு நேரம், என்ன காப்போடு இருந்தார் என்ற விவரம். கல்நாரில் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகள், தொழிலாளி எவ்வளவு பாதிப்புக்கு உள்ளானார் என்ற ஆவணங்களை 30 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். ஒப்பந்தக்காரர் மாறும்போது துப்புரவு ஊழியரின் விவரமும் அவரோடு போய்விடுகிறது. அந்தப் பெயர்களை ஆலையே தன் பதிவேட்டில் எழுத வேண்டும், வேலையை விட்டுப் போகும்போது ஒரு நகலை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். எங்கள் கூடத்தில் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதான்.