தங்கிவிட்டவர்களின் கதையை யார் எழுதுவது

சென்னையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு யாங்கோனுக்கு வரும் யூடியூப் தம்பிகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே தலைப்புதான் போடுகிறார்கள்: பர்மாவில் தமிழர்களா! அனோரத்தா சாலையில் நின்று காளி கோயில் கோபுரத்தைக் காட்டி, பக்கத்துக் கடையில் தோசை வாங்கித் தின்று, பூ விற்கும் அம்மாவைத் தமிழில் பேசச் சொல்லி ஆச்சரியப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கோயில் 1871ல் கட்டியது. ஆச்சரியப்படுவதற்கு நூற்றைம்பது வருஷம் கொஞ்சம் தாமதம்தான்.

தமிழ்நாட்டுக்காரர்களைக் குறை சொல்லவில்லை. பர்மா என்றால் அவர்களுக்குத் தெரிந்தது போனவர்களின் கதை. 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே போய், பாதி வழியில் செத்தவர்கள் போக மிச்சம் ஊர் சேர்ந்தவர்கள். அப்புறம் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு, 1964ல் கடைகளை எல்லாம் அரசுடைமையாக்கி, அதே வருஷம் மே மாதம் 50, 100 சாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்ததும் கப்பலேறியவர்கள். கழுத்தில் கிடந்ததைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று அவர்கள் சொல்வது எங்கள் வீட்டிலும் கேட்டு வளர்ந்த கதைதான். சென்னையில் பர்மா பஜார், வியாசர்பாடியில் குடியிருப்பு, மணிப்பூர் எல்லையில் மோரே என்று அவர்களுக்கு ஓர் இடமும் பெயரும் கிடைத்தது. நான் ஒருமுறை சென்னை போயிருந்தபோது பாரிமுனைப் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டேன். காரம் தூக்கலாக, கலர் தூக்கலாக, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். எங்கள் மீன் குழம்பு நூடுல்ஸான மோஹிங்காவிலிருந்து மீனைக் கழித்துவிட்டு வாழைத்தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இங்கே கொண்டுவந்து கொடுத்தால் எந்த அத்தோக்காரியும் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்ள மாட்டாள்.

தாத்தா போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் அப்பா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்வார். மாடு சினையாக இருந்தது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை. டிக்கெட்டுக்குப் பணமில்லை. ஊரில் போய் யாரைத் தெரியும்? எனக்கென்னவோ எல்லாமே உண்மைதான் என்று தோன்றுகிறது. தேசபக்தியால் தங்கினார் என்று யாராவது எழுதினால் நான் நம்ப மாட்டேன். யாங்கோனுக்குப் பக்கத்திலிருக்கும் தன்லினில், பெரியவர்கள் வாயில் இன்னும் அது சிரியம்தான், நாலு மாடும் பால் வாடிக்கையும் இருந்தது, அவ்வளவுதான். எந்த ஊர்க்காரனும் தன் ஊரில் இருப்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, எங்களிடம் மட்டும்தான் கேட்கிறார்கள்.

கேட்பது தமிழ்நாடு மட்டுமல்ல, இந்த நாட்டுச் சட்டமும்தான். தாத்தாவிடம் இருந்தது எஃப்.ஆர்.சி. என்கிற வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம். வருஷாவருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1948ல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கலாம். எங்கள் ஆட்கள் பலர் விண்ணப்பிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மாட்டுக்காரருக்குச் சட்டம் வந்ததே தெரிந்திருக்காது. அப்பா பின்னால் எழுதிப் போட்டார், பதில் வருவதற்குள் 1982 சட்டம் வந்துவிட்டது. அதன்படி குடிமக்களில் மூன்று தரம். 1823க்கு முன்னாலிருந்தே இந்த மண்ணில் இருந்த இனங்கள் என்று அரசு சொல்லும் 135 இனத்துக்காரர்கள் பிறக்கும்போதே குடிமக்கள், கேள்வியே கிடையாது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை. பழைய சட்டத்தில் விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கு நீலம். அதிலும் சேராமல், 1948 ஜனவரிக்கு முன்பே இங்கே வந்ததற்கு ஆதாரம் காட்டினால் பச்சை. அப்பா, அம்மா, நான், மூவருக்கும் நீலம். சட்டம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு நே வின் பேசிய பேச்சில் ஒளிவுமறைவே இல்லை: வந்தேறிகளின் வாரிசுகளைத் துரத்த மாட்டோம், ஆனால் நாட்டின் விதியை முடிவுசெய்யும் பதவிகளைத் தர மாட்டோம் என்பதுதான் சாரம்.

அதே சட்டம் மூன்றாம் தலைமுறைக்குக் கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அப்பா அம்மா இருவருமே நீலம், எனக்கும் நீலம், அப்படியானால் என் மகள் முழுக் குடிமகள். பத்து வயதில் அட்டை வாங்க அழைத்துப் போனேன். குடும்பப் பட்டியல், பிறப்புச் சான்று, என் அட்டை, வீட்டுக்காரி அட்டை, பெரியவர்களின் அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தாத்தாவின் காகிதம் எங்கே என்றார். சட்டத்தில் அது தேவையில்லை என்றேன், சட்டம் எனக்கும் தெரியும் என்றார். அதற்குப் பிறகு நடந்த அலைச்சலும் செலவும் இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைவிட எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று. இனம் என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. என்ன எழுத என்று என்னைக் கேட்கவில்லை, பக்கத்து மேசையைக் கேட்டார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டு 'இந்தியா' என்று எழுதினார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயரில் படிக்கிறாள், கனவிலும் பர்மிய மொழிதான் உளறுகிறாள், இந்தியாவைப் பார்த்ததே கிடையாது.

தெருவில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழாவுக்குப் பர்மாக்காரர்கள் எங்களுக்கு இணையாக வருகிறார்கள், நேர்த்திக்கடன் வைக்கிறார்கள். நாங்களும் பகோடாவுக்குப் போகிறோம், வாசோ மாதம் பிக்குகளுக்குத் துவராடை கொடுக்கிறோம். கோபம் வந்தால் ‘கலா’ என்று, இந்திய வம்சாவளிக்காரர்களை இழிவாகச் சொல்லும் சொல்லால் திட்டுவார்கள், அடுத்த நாள் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். இரண்டுமே உண்மை. நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள், வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இரண்டாம் பாதியை.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் 18 முதல் 35 வரை, பெண்கள் 18 முதல் 27 வரை. எங்கள் தெருவில் வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள். தாத்தா காகிதம் எங்கே என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் மகள் அதற்குள் கோலாலம்பூர் போய்விட்டாள். ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் வேலை. தமிழ் பேசத் தெரியும், அதனால் எளிதாக ஒட்டிக்கொள்வாள் என்று நாங்கள் நினைத்தோம். முதலாளி நல்லவர்தானாம், ஆனால் வாடிக்கையாளர்களிடம் ‘நம்ம பர்மாப் பொண்ணு’ என்றுதான் அறிமுகம் செய்கிறாராம். அறை எடுத்திருப்பது பர்மாவிலிருந்து போன கரேன் இனப் பெண்களோடும் மோன் இனப் பெண்களோடும். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து மோஹிங்கா காய்ச்சுகிறார்கள், மீன் போட்டுத்தான். அங்கே போன பிறகுதான் சித்தப்பா, என்னை யாரும் இந்தியா என்று சொல்வதில்லை என்று போனில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பாஸ்போர்ட் அடுத்த வருஷம் புதுப்பிக்க வேண்டும், தூதரகத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று இப்போதே விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், தாத்தாவின் எஃப்.ஆர்.சி. புத்தகத்தையும் போட்டோ எடுத்து அனுப்பி வைத்திருக்கிறேன்.