ஒரு கேள்விக்கு 14 விநாடி

1998-ல் மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலைக்குத் திறனறித் தேர்வு எழுதினேன். 40 கேள்வி, 20 நிமிடம். 17-ஆவது கேள்வியில் விரித்துப் போட்ட பெட்டி ஒன்றின் படம். மடித்தால் கீழே உள்ள நான்கில் எது வரும் என்று கேட்டிருந்தார்கள். அந்த மாதிரிக் கேள்வியை அதற்கு முன் நான் கண்டதே இல்லை. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றும் தோன்றவில்லை. தாளை வாங்க வந்தபோது பாதிக்கு மேல் தொடாமலே கிடந்தது. ஃபெரியில் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் திரும்பும்போதே எனக்கு மூளை அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அந்த எண்ணம் என்னை விட்டுப் போக ஆறேழு வருடம் ஆனது.

இன்று மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அதே மாதிரித் தாள்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது என் வேலை. பழகி வந்தவர் யார், முதன்முறையாகப் பார்ப்பவர் யார் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பழகியவர் எத்தனை கேள்வி, எத்தனை நிமிடம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்களா என்று முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். புதியவர் நேரே முதல் கேள்விக்குள் விழுந்துவிடுவார். 1930-களில் வந்து இன்றும் உலகெங்கும் புழங்கும் வொண்டர்லிக் தேர்வில் 12 நிமிடத்துக்கு 50 கேள்வி. கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 14 விநாடிதான். எதை விட்டுவிடுவது என்று தெரியாத பிள்ளை அங்கே என்ன செய்யும்?

ஞாயிறு காலையில் பிறை என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் எட்டுப் பத்துப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவர்கள், போலிடெக்னிக்கில் படிப்பவர்கள். எண் தொடர்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். 2, 6, 12, 20, 30 என்று எழுதினால், இடைவெளி இரண்டிரண்டாகக் கூடுகிறது, அடுத்தது 42 என்று பலகையைத் திரும்பிப் பார்க்குமுன் சொல்லிவிடுவார்கள். அதில் எனக்கு அதிக வேலையில்லை.

சிரமம் மொழியில்தான். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி, அதன்பின் ஆங்கிலத்தில் தேர்வு. ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே உள்ள கூற்று சரியா, தவறா, சொல்ல இயலாதா என்று கேட்பார்கள். நானே எழுதிய ஒரு மாதிரி: ‘இரவு வேலை செய்வோருக்கு ஷிப்ட் அலவன்ஸ் உண்டு.’ அதன் கீழே, ‘பகல் வேலை செய்வோருக்கு அலவன்ஸ் கிடையாது.’ ஒரு பையன் சற்றும் யோசிக்காமல் ‘சரி’ என்று போட்டான். ஏன் என்று கேட்டேன். “அம்மா பகல் ஷிப்ட்தான் அக்கா. ஒரு காசு வராது” என்றான். அவன் வீட்டில் அது உண்மைதான். ஆனால் பத்தி பகல் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதனால் விடை ‘சொல்ல இயலாது’. உனக்குத் தெரிந்ததையெல்லாம் கதவுக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வா என்றேன். மூன்று வாரம் பிடித்தது அவனுக்கு. அவனுடைய அறிவில் குறை ஒன்றுமில்லை. இப்படி ஒரு விதி இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பயிற்சியால் எவ்வளவு கூடும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, திறனறித் தேர்வை இரண்டாம் முறை எழுதுவோரின் மதிப்பெண் சராசரியாகத் திட்ட விலக்கத்தில் கால் பங்கு உயர்கிறது. 100 பேர் வரிசையில் நடுவில் நிற்பவர் ஏறக்குறைய 10 பேரைத் தாண்டி முன்னே வருவார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்துப் பேரில்தான் வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது. 1905-ல் பாரிசில் முதல் நுண்ணறிவுத் தேர்வை உருவாக்கிய உளவியலாளர் பினே, அறிவு ஒரே அளவில் நின்றுவிடும் என்று நம்பியவரல்லர். பின்தங்கிய பிள்ளைகளுக்காக மனப்பயிற்சிகளையும் அவரே வகுத்தார். இது எனக்கு 1998-லேயே தெரிந்திருந்தால் அம்மாவிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

ஆளுமைத் தேர்வுக்கு மட்டும் நான் விடை பழக்குவதில்லை. அதற்குக் காரணம் என் அனுபவம். 2003-ல் வேறொரு கம்பெனிக்கு எழுதியபோது, அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்ததையெல்லாம் தேர்ந்தெடுத்தேன். புதியவர்களோடு பழகப் பிடிக்கும், கூட்டத்தில் பேசப் பிடிக்கும் என்றெல்லாம் போட்டேன். வேலை கிடைத்தது. காலை முதல் மாலை வரை சப்ளையர்களைப் பார்த்துப் பேச வேண்டிய வேலை. ஞாயிறு சாயங்காலமே வயிறு கலங்கத் தொடங்கிவிடும். 14 மாதம் தாக்குப்பிடித்தேன். அந்தத் தாளில் நான் எழுதிவைத்த பெண்ணாக நாள் முழுவதும் இருக்க என்னால் முடியவில்லை.

அதனால் பிள்ளைகளுக்குக் கேள்வியின் வடிவத்தை மட்டும் காட்டுகிறேன். நான்கு வாக்கியம் இருக்கும், நான்குமே நல்லதாகத்தான் தெரியும். உன்னோடு மிகவும் பொருந்துவது ஒன்று, மிகக் குறைவாகப் பொருந்துவது ஒன்று என்று இரண்டைத் தேர்ந்தெடு. அதே விஷயம் பிறகு வேறு சொற்களில் திரும்பி வரலாம், பயப்படாதே. ‘நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை’ என்பதைப் போன்ற வாக்கியங்கள், தன்னை அளவுக்கு மீறி நல்லவராகக் காட்டுபவரை அடையாளம் காண வைத்தவை. 1943-ல் வெளியான எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமைத் தேர்விலேயே இதற்கென்று ஓர் அளவுகோல் உண்டு. நான்கு எழுத்துகளில் மனிதரை வகைப்படுத்தும் மையர்ஸ் பிரிக்ஸை வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்று அதன் வெளியீட்டாளர்களே சொல்கிறார்கள். அதை வைத்து ஆளைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது மனம் கொதிக்கிறது.

பெட்டிக் கேள்விக்கு நான் படத்தைக் காட்டுவதில்லை. மணிலா அட்டையில் ஆறு சதுரம் வெட்டி, புள்ளி, நட்சத்திரம், கோடு வரைந்து கையில் கொடுத்துவிடுவேன். மடி, விரி, மறுபடி மடி. ஒரு பெண் முதல் மாதம் முழுக்க அட்டை இல்லாமல் விடை சொல்ல மாட்டாள். இப்போது தாளைப் பார்த்தபடி இருக்கிறாள், விரல்கள் மட்டும் மேசைக்கு மேல் காற்றை மடிக்கின்றன. 12 நிமிடப் பயிற்சித் தாளில் 19 சரியாகப் போட்டவள் போன ஞாயிறு 31 போட்டாள்.

வியாழக்கிழமை அவளுக்குத் தேர்வு. அட்டையைக் கையோடு எடுத்துப் போகலாமா அக்கா என்று கேட்டாள். உள்ளே விடமாட்டார்கள் என்றேன். பஸ்ஸில் போகும்வரை வைத்துக்கொள்கிறேன் என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.